சிறுத்தைக்கு எந்தத் துப்பாக்கி?

2023ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், திருமலைக்கு ஏறும் அலிபிரி நடைபாதையில், பெற்றோருடன் சென்ற 6 வயதுப் பெண் குழந்தையொன்றைச் சிறுத்தை கவ்விச் சென்று கொன்றது. அதன்பின் தேவஸ்தானத்தார் கால்நடையாக வரும் பக்தர்களுக்கு ஆளுக்கொரு தடி வழங்க ஏற்பாடு செய்தனர். புரட்டாசி பிறந்தால் காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கங்களிலிருந்து கோவிந்த நாமம் சொல்லிக்கொண்டு திருப்பதிக்கு நடந்து செல்வோர் பலர். கடலில் புயலைக் கண்டவர்கள் இவர்கள். சிறுத்தையை இவர்கள் கண்டதில்லை. “தடி எதற்கு, துப்பாக்கியல்லவா கொடுக்க வேண்டும்?” என்று இவர்களில் ஒருவர் கேட்டால், அக்கேள்வியைச் சிரித்துத் தள்ளிவிட நாம் விரும்பவில்லை. துப்பாக்கிதான் வேண்டுமென்றால் எந்தத் துப்பாக்கி? அது யார் கையில் இருக்க வேண்டும்? இவ்விரண்டு வினாக்களையும் நேயர்கள் நம்முடன் சேர்ந்து சிறிது ஆராயுமாறு வேண்டுகிறோம்.

ஆயுதம் என்பது இலக்குக்கு ஏற்றதாயிருக்க வேண்டும் என்பதைக் காசிமேட்டாருக்கு நாம் எடுத்துச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதாகும். வஞ்சிரத்துக்கு இடும் வலையை நெத்திலிக்கு இடுவாருண்டோ? கண் பெரிதானால் மீன் போய்விடும். கண் சிறிதானால் வேண்டாத குஞ்செல்லாம் வந்து மாட்டும். அதுபோலவே, வேங்கைக்கும் சிறுத்தைக்கும் உள்ள வேற்றுமையை அறியாமல் துப்பாக்கியைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. முழு வளர்ச்சியடைந்த ஆண் வேங்கை 200 கிலோ எடைக்கு மேலும் இருக்கும். சிறுத்தையோ பெரும்பாலும் 50 முதல் 70 கிலோ வரையில் நிற்கும். ஏறக்குறைய ஒரு மனிதனின் எடைதான். அதன் தோல் மெல்லியது, எலும்பும் பெரிதன்று. அதைக் கொல்லப் பெரும் பீரங்கி வேண்டியதில்லை. ஆனால் அது இரவில் வரும். முழங்காலளவு புதரில் முழு உடலையும் மறைத்துக்கொள்ளும். கண்ணுக்குப் படுகிற நேரம் இரண்டொரு விநாடிதான். ஆகவே சிறுத்தை விஷயத்தில் குண்டின் பருமனைக் காட்டிலும், அது விழும் இடமும் விழுந்தபின் அது செய்யும் வேலையுமே முக்கியமாகின்றன.

நமது கிராமங்களில் காணப்படும் நாட்டுத் துப்பாக்கியை முதலில் எடுத்துக்கொள்வோம். வாய்வழியே மருந்திட்டு, பால்ரஸ் குண்டையோ ரவையையோ போட்டுக் கோலால் இடித்துக் கெட்டிப்பது அது. ஒருமுறை சுட்டால் மறுமுறை சுடுவதற்கு ஒரு நிமிஷத்துக்குக் குறையாது. மழைநாளில் மருந்து நனைந்தால் அதுவும் இல்லை. பன்றியை விரட்ட அது உதவலாம். பாய்ந்து வரும் சிறுத்தைக்கு முன் அதை ஏந்தி நிற்பவனுக்குக் கையில் இருப்பது ஒரு வெடிச்சத்தம் மட்டுமே.

அடுத்தது 12ஆம் நம்பர் இரட்டைக் குழல் துப்பாக்கி. இதன் குழல் உட்புறம் வழவழப்பானது. பறவைக்கு இடும் பொடி ரவையைச் சிறுத்தையின்மீது சுடுவது அதைக் கோபமூட்டுவதற்கே பயன்படும். ‘எஸ்.ஜி.’ என்று வழங்கும் பெரிய ரவைத் தோட்டாவில் எட்டு ஒன்பது ரவைகள் அடங்கியிருக்கும். 15, 20 கஜ தூரத்துக்குள் இவை ஒன்றுகூடிப் பாய்வதால் பேரடி கொடுக்கும். காயம்பட்ட சிறுத்தையைப் புதருக்குள் தொடர நேர்ந்த பழைய வேட்டைக்காரர் பலர் இதனையே விரும்பி ஏந்தினர். அந்நெருக்கத்தில் குறி பார்க்க நேரமிராது என்பதே காரணம். ஆனால் 40 கஜத்துக்கு அப்பால் ரவைகள் சிதறிவிடும். ஒன்று தொடையிலும் ஒன்று தாடையிலும் பட்டு, மிருகம் சாகாமல் காட்டுக்குள் போய்விடும். அப்படிப் போனது என்னவாகும் என்பதைப் பின்னர்ச் சொல்கிறோம்.

மூன்றாவது ரைபிள். குழலின் உட்புறம் புரிவரி வெட்டப்பட்டிருப்பதால் குண்டு சுழன்று நேரே செல்லும். இதில் எத்தனையோ அளவுகள் உண்டு. இச்சாப்பூர்த் தொழிற்சாலையில் செய்யப்படும் ‘315’, மவுஸர் வகையைச் சேர்ந்த ‘275’, 1912ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் வெளிவந்து உலகெங்கும் பெயர்பெற்ற ‘375’ ஆகியவை சில. ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றில் சிங்கம் முதலிய அபாய மிருகங்களுக்கு ‘375’க்குக் குறைந்த அளவை எடுத்துச் செல்லலாகாது என்றே விதியுண்டு. வேங்கைக்கு அந்த அளவு தகும். சிறுத்தைக்கு அதனினும் குறைந்ததே போதும். கனத்த துப்பாக்கியின் உதைக்கு அஞ்சிக் கண்ணை மூடிக்கொண்டு சுடுகிறவனைவிட, இலேசானதைக் கைப்பழக்கத்தோடு எடுப்பவனே நல்லவன்.

அளவைவிட முக்கியமான விஷயம் ஒன்றுண்டு. அதைப் பற்றி நம் சட்டசபைகளில் எவரும் பேசக் கேட்டதில்லை. அது குண்டின் முனை. ராணுவக் குண்டு முழுவதும் கெட்டியான உலோகத்தால் மூடப்பட்டிருக்கும். உடலில் புகுந்தால் ஊசிபோல் ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளிப்பட்டுவிடும். வேட்டைக் குண்டின் முனை மென்மையானது. புகுந்தவுடன் காளான்போல் விரிந்து, தன் முழு வேகத்தையும் உடலினுள்ளேயே செலவிட்டு உடனே சாய்த்துவிடும். இவ்வகைக் குண்டுக்கு உலகம் இட்ட பெயர் நம் நாட்டு ஊர்ப் பெயர்தான். கல்கத்தாவை அடுத்த தம்தம்மில், ஆங்கில ராணுவத்தின் தொழிற்சாலையில் செய்யப்பட்டதால் அது ‘தம்தம் குண்டு’ ஆயிற்று. எல்லைப்புறத்துப் பட்டாணியர்மீது ஆங்கிலேயர் சுடும்போது நாகரிகமாகத் தோன்றிய இக்குண்டு, தங்களுக்குள்ளும் பறக்கக்கூடும் என்ற எண்ணம் வந்ததும் ஐரோப்பியருக்கு அநாகரிகமாகத் தோன்றிற்று! 1899இல் ஹேக் நகரில் கூடிய மகாநாட்டில் யுத்தத்தில் அதை விலக்கினர். ஆகவே ராணுவ மாதிரித் துப்பாக்கி ஏந்திய போலீஸ் படையைப் புலிக்காட்டுக்கு அனுப்பும்போது, கெட்டிமுனைக் குண்டும் கூடவே செல்கிறது. மனிதனுக்குக் கொடியதென்று விலக்கியது மிருகத்துக்குக் கருணையாகவும், மனிதனுக்குக் கருணையென்று வைத்தது மிருகத்துக்குச் சித்திரவதையாகவும் முடிகிற விந்தை இது.

சித்திரவதை மிருகத்தோடு நின்றுவிடுவதில்லை. 436 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட சம்பாவத் பெண்வேங்கையை 1907இல் ஜிம் கார்பெட் கொன்றார். கொன்றபின் அதன் வாயைத் திறந்து பார்த்தபோது, வலப்புறத்து மேற்கோரைப்பல் பாதியும் கீழ்க்கோரைப்பல் முழுவதும் உடைந்திருக்கக் கண்டார். என்றோ எவனோ சுட்ட குண்டின் வேலை அது. காட்டு இரையைக் கொல்லும் சக்தி போனபின்னரே அது மனிதனைத் தேடி வந்ததென்பது அவர் முடிவு. கண்டவர் கையில் கண்ட துப்பாக்கியும் இருக்கட்டும் என்று வாதிப்போர் இந்த இரண்டு பற்களையும் மறக்கலாகாது. தகாத துப்பாக்கி ஆட்கொல்லியைக் கொல்லத் தவறுவதோடு நிற்பதில்லை. புதிய ஆட்கொல்லியை உண்டாக்கியும் விடுகிறது.

அந்த வேட்டையில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. கார்பெட் கையில் கொண்டுபோனவை மூன்றே தோட்டாக்கள். மூன்றும் தீர்ந்தபின்னும் வேங்கை விழவில்லை. உடன் வந்த தாசில்தாரின் பழைய துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். அதுவோ குழலுக்கும் அடிக்கட்டைக்கும் இடையே விரல் நுழையுமளவு சந்து விட்டது. வாயைக் குறிபார்த்துச் சுட்டால் குண்டு பாதத்தில் பட்டது. முன் பட்ட காயங்களே வேங்கையை முடித்தன. தாசில்தார் உத்தியோகம் எவ்வளவு பெரிதாயிருப்பினும், அவருடைய துப்பாக்கி அவ்வளவுதான் என்று நாம் சொன்னால் உத்தியோகஸ்தர்கள் கோபிக்கமாட்டார்கள் என்று நம்புகிறோம்.

ருத்ரப்பிரயாகைச் சிறுத்தையின் கதை இதனினும் பெரிய பாடம். 1918 முதல் 1926 வரை எட்டு வருஷம், பத்ரிநாத் யாத்திரிகர் நடக்கும் பாதையில் அது 125 பேரைக் கொன்றது. கடுவால் ஜில்லாவில் அப்போதே 4,000 துப்பாக்கி லைசென்ஸுகள் இருந்தன; இந்த மிருகத்துக்கென்றே மேலும் 300 கொடுக்கப்பட்டன. பதினாயிரம் ரூபாய் வெகுமதி அறிவித்தார்கள். விஷம் வைத்தார்கள், இரும்புப் பொறி வைத்தார்கள். நாலாயிரத்து முந்நூறு துப்பாக்கிகளுக்கும் அகப்படாத அந்தச் சிறுத்தை, 1926 மே மாதத் தொடக்கத்தில் ஓரிரவு, மாமரத்தின்மீது இருபது கஜ தூரத்தில் அமர்ந்திருந்த ஒருவருடைய இலேசான ‘275’ ரைபிளுக்கு ஒரே குண்டில் அகப்பட்டது. அந்த ரைபிளோடு பிணைத்திருந்த மின்சார விளக்கும், பல வாரங்கள் அந்த மிருகத்தின் நடையை அறிந்து வைத்திருந்த பொறுமையும் இல்லாவிட்டால் ‘275’ என்ன, ‘375’ என்ன? அந்நாளில் சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த ஜவளகிரி, ஓசூர்ப் பக்கத்துக் காடுகளில் பின்னாளில் ஆட்கொல்லிகளைத் தொடர்ந்த பெங்களூர் கென்னத் ஆண்டர்ஸன் ‘405’ வின்செஸ்டரைக் கையாண்டார். கார்பெட்டின் குண்டைப் போல் இருமடங்கு கனமுள்ள குண்டு அதற்குரியது. இருவரும் தத்தம் துப்பாக்கியை மாற்றிக்கொண்டிருந்தாலும் முடிவு பெரிதும் மாறியிராது என்பது நம் எண்ணம்.

இனி, யார் கையில் என்ற இரண்டாவது வினாவுக்கு வருவோம். இது வக்கீல் தொழிலுக்குரிய வினா. ஆதலால் சட்டப் புஸ்தகத்தைச் சிறிது புரட்ட அனுமதிக்க வேண்டும்.

1878ஆம் வருஷத்தில் லிட்டன் பிரபு இரண்டு சட்டங்களைச் செய்தார். ஒன்று சுதேச பாஷைப் பத்திரிகைகளின் வாயை அடைத்தது. மற்றொன்று நாட்டினர் கையிலிருந்த ஆயுதத்தைப் பறித்தது. முதலாவதை ரிப்பன் பிரபு சில வருஷங்களில் நீக்கினார். இரண்டாவது, சுதந்திரம் வந்தபின்னும் நெடுநாள் நீடித்தது. 1959இல் செய்யப்பட்ட புதிய ஆயுதச் சட்டம் 1962இல் அமுலுக்கு வந்தபோதுதான் மறைந்தது. வெள்ளைக்காரனுக்கு விலக்கும் இந்தியனுக்கு லைசென்ஸும் என்ற அநீதியைக் கண்டித்து, 1887இல் நம் சென்னையிலேயே கூடிய மூன்றாவது காங்கிரஸில் விபின சந்திர பாலர் பேசினார். காட்டுமிருகத்தினின்று தன்னையும் தன் மாட்டையும் காத்துக்கொள்ளக் குடியானவனுக்கு வழியில்லை என்பது அக்காலத்துத் தேசாபிமானிகளின் முறைப்பாடுகளில் ஒன்று. 1931இல் கராச்சிக் காங்கிரஸ், விதிகளுக்குட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பிரஜைகளின் உரிமைகளுள் ஒன்றாக எழுதிற்று. 1950இன் அரசியலமைப்பிலோ அந்த உரிமை இடம் பெறவில்லை. பெறாததற்காக நாம் கண்ணீர் விடவில்லை. நாலாயிரத்து முந்நூறு துப்பாக்கிகளின் கதையை மேலே சொன்னோமே!

ஆனால் 1959ஆம் வருஷத்துச் சட்டத்தின் 13ஆவது பிரிவை நேயர்கள் கவனிக்க வேண்டும். தற்காப்புக்காகக் கேட்போர்க்கு வழவழப்பான குழலுள்ள துப்பாக்கிக்கும், உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கும் லைசென்ஸு கொடுக்க வேண்டுமென்று அது சொல்கிறது. ரைபிள் வேண்டுவோன் தனியே நல்ல காரணம் காட்ட வேண்டும். ஆக, மலையோரத்துக் குடியானவனுக்குச் சட்டம் எளிதில் தரும் துப்பாக்கி எது? சிறுத்தைக்கு முன் மிகமிகப் பயனற்றது என்று நாம் கண்ட அதே துப்பாக்கிதான்.

அதையும் அவன் தூக்கமுடியாதபடி 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேங்கையும் சிறுத்தையும் அதன் முதல் அட்டவணையில் உள்ளவை. மனித உயிருக்கு அபாயமாய்விட்ட மிருகத்தை வேட்டையாட, 11ஆவது பிரிவின்படி மாகாணத்தின் தலைமை வனவிலங்குக் காவலர் ஒருவரே காரணங்களை எழுதி உத்தரவிடலாம். பிடிக்கவோ, மயக்கவோ, வேறிடம் கொண்டுபோகவோ இயலாதென்று கண்டாலன்றிக் கொல்ல உத்தரவிடலாகாது. தன்னுயிரையோ பிறருயிரையோ காக்க நல்லெண்ணத்தோடு அக்கணத்தில் கொன்றவன் குற்றவாளியாகான் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. இந்தச் சட்டத்தை நாம் குறை கூறவில்லை. துப்பாக்கி மலிந்திருந்த காலத்தில் நம் காடுகள் எவ்வளவு சூனியமாயின என்பது உலகறிந்த விஷயம். 2022ஆம் வருஷத்துக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,070 சிறுத்தைகளும் 306 வேங்கைகளும் இருப்பதாக மதிப்பிடப்பட்டது இச்சட்டத்தின் பயனே.

இச்சட்டம் சோதிக்கப்பட்ட இடம் காசிமேட்டிலிருந்து துறைமுகத்தின் ஓரமாகத் தெற்கே சென்றால் எட்டிவிடும் ஹைக்கோர்ட்டுதான். 2021ஆம் வருஷம் கூடலூர், மசினகுடிப் பகுதிகளில் நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட ‘டி23’ என்னும் வேங்கையை வேட்டையாட அக்டோபர் 1ஆம் தேதி உத்தரவு பிறந்தது. உடனே கொன்றுவிட வேண்டாம், பிடிக்க முயல வேண்டும் என்று சில தினங்களில் ஹைக்கோர்ட்டு சொல்லிற்று. கும்கி யானைகளும் மோப்ப நாய்களும் பறக்கும் காமிராக்களும் தேடின. ஏறக்குறைய மூன்று வாரத் தேடலுக்குப் பின், அக்டோபர் 15ஆம் தேதி மயக்க ஊசியால் வேங்கை பிடிபட்டு, மைசூர் மறுவாழ்வு மையத்துக்குச் சென்றது.

ஆகவே, இன்றைய சட்டத்தின்படி ஆட்கொல்லிக்கு முதற்கண் ஏற்ற துப்பாக்கி மயக்கத் துப்பாக்கியே. நியூஸிலாந்து தேசத்து மர்டாக் என்பவர் கண்ட கருவி இது. வெடிமருந்துக்குப் பதில் கரியமிலவாயுவின் அழுத்தத்தால் ஊசியை எறியும். ஸைலஸின், கெட்டமின் ஆகிய மருந்துகளை மிருகத்தின் எடையைக் கணித்துக் கலந்து அடைக்க வேண்டும். குறைந்தால் மயங்காது, மிகுந்தால் எழாது. 20, 30 மீட்டருக்குள் நெருங்கினாலன்றிப் பயனில்லை. உண்ணிச்செடியின் ஒரு சிம்பு போதும், ஊசியைத் திருப்பிவிட. பட்டபின்னும் மிருகம் சாய்வதற்குப் பத்து நிமிஷம் ஆகலாம். அந்தப் பத்து நிமிஷத்தில் அது எங்கும் ஓடலாம், எவர்மீதும் பாயலாம். எனவே ஊசி எறிபவரின் பக்கத்தில் மென்முனைக் குண்டிட்ட ரைபிளுடன் குறி தவறாத ஒருவர் நிற்க வேண்டும். ஆளைக் காக்க இரண்டு துப்பாக்கிகளும் சேர்ந்தே வேண்டும். மருந்தை அறிந்த கால்நடை வைத்தியர் மூன்றாவதாக வேண்டும்.

இம்மூன்றும் சேராதபோது நடப்பதை நாம் கண்டிருக்கிறோம். 2014 ஜனவரியில் உதகைக்கருகே மூவரைக் கொன்ற வேங்கையையும், 2015 பிப்ரவரியில் பந்தலூர்ப் பக்கத்தில் வந்த வேங்கையையும் அதிரடிப்படையினர் சுட்டுத்தான் முடிக்க நேர்ந்தது. 2018 நவம்பரில் மஹாராஷ்டிரத்தின் யவத்மால் ஜில்லாவில் ‘அவனி’ என்ற பெண்வேங்கை இரவில் சுடப்பட்டபோது, உடன் கால்நடை வைத்தியர் இல்லை. ஆயுதச் சட்டமும் மற்ற விதிகளும் மீறப்பட்டனவென்று புலிகள் பாதுகாப்பு ஆணையம் அமைத்த குழுவே எழுதிற்று. அந்த ஆணையத்தின் விதிமுறையில், கொல்லவே நேர்ந்தால் திறமை வாய்ந்த இலாகா ஊழியரிடம் தக்க அளவுள்ள துப்பாக்கி தர வேண்டும் என்று நன்றாகத்தான் எழுதியிருக்கிறது. திறமை ஒரே நாளில் வருமா? வருஷத்துக்கு எத்தனை தோட்டாக்களை அந்த ஊழியர் பழகுவதற்காகச் சுடுகிறார்?

இந்த வினாவைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. 2024 ஜனவரியில் பந்தலூரில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் 3 வயதுக் குழந்தை சிறுத்தையால் மாண்டது. 2025 ஜூனில் வால்பாறைத் தோட்டமொன்றில் 4 வயதுக் குழந்தை மாண்டது. இரண்டும் ஜார்க்கண்டிலிருந்து பிழைக்க வந்த கூலிகளின் குழந்தைகள். 1964ஆம் வருஷத்து சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தின் பேரில் இலங்கையிலிருந்து வந்து கூடலூர், பந்தலூர்ப் பக்கங்களில் குடியேறிய தமிழர் குடும்பங்களும் அந்த லயங்களிலேயே வாழ்கின்றன. வீட்டுக்கும் தேயிலைப் புதருக்கும் இடையே பத்தடி. விளக்கில்லாத வாசல். இவர்களுக்குத் துப்பாக்கி கொடுப்பது ஆபத்து என்று நாமே சொன்னோம். அப்படியானால் கொடுக்காமல் எடுத்துவைத்துக்கொண்ட சர்க்காருக்கு ஒரு கடன் ஏற்படுகிறது.

இக்கடனைச் சர்க்கார் அறியாததன்று. வருஷந்தோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் காசிமேட்டு விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. மீன் பெருகுவதற்காக வலையை எடுக்காதே என்று சட்டம் சொல்கிறது. எடுக்காதிருக்கும் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணமும் தருகிறது. தொகை போதாதென்று மீனவர் சொல்வது நியாயமே. ஆயினும் கையை நிறுத்தியவன் வயிற்றுக்கு வழி செய்ய வேண்டும் என்ற தர்மம் அங்கே ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது. மலைமேல் கைநிறுத்தப்பட்டவனுக்குப் பிணத்தின்மேல் தரும் நஷ்டஈடு அதற்கு ஈடாகாது.

நாம் கேட்பது இது. வால்பாறை, கூடலூர், பந்தலூர், ஓசூர் ஆகிய ஒவ்வோரிடத்திலும், ஒரு மணி நேரத்தில் சென்று சேரக்கூடிய கால்நடை வைத்தியர் ஒருவர் நிரந்தரமாக நியமிக்கப்பட வேண்டும். அவருடன் மயக்கத் துப்பாக்கி இரண்டு, காலாவதியாகாத மருந்து, மயக்கம் தெளிவிக்கும் மருந்து ஆகியவை இருக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவர்க்கு ‘315’க்குக் குறையாத, வேங்கையுள்ள இடங்களில் ‘375’ அளவுள்ள ரைபிளும், மென்முனைத் தோட்டாவும், குழலோடு பொருத்திய விளக்கும் கொடுக்க வேண்டும். மாதந்தோறும் இலக்குச் சுட அவர்களுக்குத் தோட்டா ஒதுக்க வேண்டும். லயங்களின் வாசலில் விளக்கிட்டு, சுற்றிலும் புதரை முப்பதடிக்கு வெட்டும் பொறுப்பைத் தோட்ட முதலாளிகள்மீது சட்டப்படி சுமத்த வேண்டும். இவற்றுள் எவை இன்று எந்த ஊரில் இருக்கின்றன, எவை இல்லை என்ற பட்டியலை வனமந்திரி அடுத்த மானியக் கோரிக்கையின்போது சட்டசபையின் மேஜைமீது வைப்பாராக. அந்தப் பட்டியலை வரி விடாமல் இப்பத்திரிகையில் வெளியிட நாம் இடம் ஒதுக்கியிருக்கிறோம்.